புதுப்பிப்பு: கிராமபோன் தட்டில் பாடிய உறவினரைத் தேடுவது

வீட்டில் யாருக்கும் விவரம் தெரியாத, 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டில் பாடிய பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் லேபிளில் உள்ள பெயரை வைத்துத் தேடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது போதாது. சேலம், மதுரை என்று ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஒரே ஊர், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்துவிட்டால் வம்சாவளியே குழம்பிவிடும்.

எனவே முதலில் எண்ணைப் பிடியுங்கள். லேபிளில் அச்சிட்டது விற்பனை எண். பாட்டுக்கோடு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்த ஒலிப்பதிவுக்கே உரிய அடையாள எண். தட்டைச் சாய்த்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். இரு பக்கத்துக்கும் தனித்தனி எண், இரண்டையும் குறியுங்கள். மறுவெளியீட்டில் விற்பனை எண் மாறலாம். மேட்ரிக்ஸ் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பதிவானவை, அதனால் காலமும் பக்கவாத்தியக்காரர்களும் பிடிபட வாய்ப்புண்டு.

மிகப் பழைய தட்டு என்றால் கடைசிவரை கேளுங்கள். சிலர் பாட்டு முடிந்ததும் தம் பெயரைச் சொல்வார்கள்.

தட்டில் இருப்பது நாடகப் பாட்டு என்றால், அதை நாடகப் பாட்டுப் புத்தகங்களோடு ஒப்பிட, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

அழுக்கு என்று ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள்! தட்டில் இருப்பது அரக்கு, கரைந்துவிடும்.