பழைய எம்ஜிபி: துரு எடுத்து விற்பதா, அப்படியே விற்பதா?

எல்லோருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் அப்பாவின் எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், நிற்கிறது. 1969 மாடல், துணிக்கூரையை மடக்கிவிடலாம், 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். ஓடிப் பல வருடம் ஆகிவிட்டது. விற்றுவிடலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அம்மாவுக்குத்தான் மனசில்லை.

எஞ்சின் இறுகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. தொல்லையெல்லாம் துருதான். நம் ஊர்க் காற்றில்தான் உப்பு கலந்திருக்கிறதே! சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி உட்காரும் தட்டில் விரல் நுழைகிற ஓட்டை. கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொலபொலவென்று உதிர்கிறது. இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது. கூரையும் இரும்பில்லை என்பதால் பாடியின் பலம் பெரும்பாலும் அந்த சில்லில்தான். கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் பாடி கோணி, கதவு மூடாது.

பார்ட்ஸுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். அவர் சொன்ன விலைக்கு நாலு டயர்கூட வராது. அப்புறம், பிரித்து விற்க எங்களுக்கு இஷ்டமும் இல்லை.

சில்லை மட்டும் சரிசெய்து விற்றால் போட்ட காசு திரும்புமா? ரோட்வொர்த்தி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், இந்த நிலையில் நிச்சயம் கிடைக்காது, அதனால் டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும். பேப்பர்கள் அப்பா பெயரில் பத்திரமாக இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கைதேர்ந்த வெல்டர் டர்பன் பக்கம் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நியாயமான விலை எவ்வளவு என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள், போட்டோ அனுப்புகிறேன்.