கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிய கடன் கணக்கு மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடுவது எப்படி?

கரூர் நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன, கடன் சங்கத்துக்காக மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்களின் மாதச் சிக்கனத் தொகை, சம்பளப் பிடித்தப் பட்டியல், கடன் தவணை, வட்டி, பங்குத்தொகை, பேரேடு ஆகிய அனைத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. பைத்தான் நிரல்மொழியிலும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலும் அமைந்தது. மூலநிரலைப் பொதுவில் வெளியிடச் சங்கத்தின் நிர்வாகக் குழு எழுத்து மூலம் இசைவு தந்துவிட்டது.

இதே வேலையைச் செய்யும் பிற சங்கங்கள் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தி, தங்கள் தரவைத் தாங்களே வெளியே எடுக்க முடியாத நிலையில் இருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் நான் அணுகிய மூன்று சங்கங்களின் செயலாளர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இலவசமாகத் தருகிறீர்கள், மகிழ்ச்சி. நாளைக்குக் கணக்கு தவறினால் யாரிடம் போய் நிற்பது?" இதற்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. எந்த உரிமத்தில் வெளியிடுவது, எதை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பேரேடு எழுதியது:

அந்தச் செயலாளர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உரிமத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் வட்டிக் கணக்கை எவரும் சரிபார்க்கக்கூடியதாக ஆக்குங்கள்.

50,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்கிட்டால் ஜனவரி மாத வட்டி 500 ரூபாய். உண்மையான 31 நாள்களை 365ஆல் வகுத்தால் 509 ரூபாய் 59 காசு. நெட்டாண்டில் (லீப் ஆண்டில்) 366ஆல் வகுத்தால் 508 ரூபாய் 20 காசு. மூன்றும் பிழையற்ற கணக்குகளே. எது பொருந்தும் என்பதை அந்தந்தச் சங்கத்தின் துணை விதிகள்தான் தீர்மானிக்கின்றன. உங்கள் நிரலில் இது ஏதோ ஒரு செயற்கூற்றின் நடுவே புதைந்து கிடந்தால், வேறொரு சங்கம் அதை எடுத்துக்கொண்ட முதல் மாதமே உறுப்பினர்களின் நம்பிக்கை போய்விடும். 2000ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் குவான்ட்லிப் என்ற கட்டற்ற நிதிக்கணித நூலகத்தில், நாள் கணக்கிடும் முறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி வகுப்பாக (நிரலின் தனிக் கூறாக), தனித்தனிச் சோதனைகளோடு இருப்பதைப் பாருங்கள். அந்த அமைப்பை அப்படியே பின்பற்றலாம்.

பைத்தானில் எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தொகைகளை ஃப்ளோட் வகையில் (பின்ன எண்களை இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைத்திருக்கிறீர்களா? 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் அதில் சரியாக 0.3 வராது என்பதை அறிவீர்கள். எண்களைப் பதின்ம முறையிலேயே வைத்திருக்கும் டெசிமல் வகைக்கு மாறினாலும் வேலை முடிந்துவிடாது. சரிபாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் செல்லும் அதன் இயல்பான முழுமையாக்கும் முறையில், இரண்டு தசம இடங்களுக்கு 12.345 என்பது 12.34 ஆகும், ஆனால் நம் கணக்கர்கள் அதை 12.35 என்றுதான் எழுதுவார்கள். ஒரு காசு வேறுபாட்டைத் தேடி இரண்டு இரவுகள் கண்விழித்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐம்பது மாதிரிக் கணக்குகளைத் தமிழில் எழுதி, எதிர்பார்க்கும் விடையையும் சேர்த்து, நிரலோடு வெளியிடுங்கள். நிரல் படிக்கத் தெரியாத செயலாளரும் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

பேரேடு அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பொறுப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன்.

நுண்கடன் நிறுவனங்களுக்காகக் கிராமீன் அறக்கட்டளை தொடங்கிய மிஃபோஸ் மென்பொருளின் வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. தொடங்கிய அறக்கட்டளை விலகிய பின்னரும் சமூகம் அதை எடுத்து நடத்தியது. அதன் மையப் பகுதி 2015இன் இறுதியில் கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின், புதியவற்றை வளர்த்தெடுக்கும் அடைகாப்புத் திட்டத்துக்குள் நுழைந்து, 2017இல் அப்பாச்சி ஃபினராக்ட் என்ற முழுநிலைத் திட்டமாயிற்று. தொடக்கியவர் விலகினாலும் மென்பொருள் நிற்கும் என்பதற்கு நிதித்துறையில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அது தானாக நடக்கவில்லை. திட்டத்தின் பெயர், முடிவெடுக்கும் முறை, புதியவருக்கு நிரலை மாற்றி எழுதும் உரிமை தரும் வழி ஆகியவை தனியொருவரின் கையில் இல்லாமல் இருந்ததே காரணம். நிரலைச் சேமித்து வைக்கும் உங்கள் களஞ்சியத்தின் திறவுகோல் உங்களிடம் மட்டுமே இருந்தால், செயலாளரின் அச்சம் நியாயமானதே. வெளியிடும் நாளிலேயே குறைந்தது இன்னொரு பராமரிப்பாளராவது இருக்கட்டும். மென்பொருள் இலவசமாக இருக்கட்டும். நிறுவுதல், பயிற்சி, பிழைதிருத்தம் ஆகியவற்றுக்கு உள்ளூரில் ஒருவர் கட்டணம் பெற்று ஒப்பந்தம் போடட்டும். "யாரிடம் போய் நிற்பது" என்பதற்கு அந்த ஒப்பந்தமே பதில்.

பெரிய இடங்களிலும் இதே கவலைதான். ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நெறிமுறைகள், வணிக வங்கிகள் தங்களின் முக்கியச் செயலிகளுக்கு விற்பனையாளரிடமிருந்து மூலநிரலைப் பெற வேண்டும், அது இயலாதபோது நிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைப்பது போன்ற ஏற்பாடாவது செய்ய வேண்டும் என்கின்றன. உங்கள் சங்கம் அந்த நெறிமுறைக்குள் வராது. இருந்தாலும் மூலநிரல் கையில் இருப்பது பாதுகாப்பு என்பதைச் செயலாளர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

உரிமத்தைப் பொறுத்தவரை, பிற நிறுவனங்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அப்பாச்சி 2.0. மாற்றியமைத்து இணையச் சேவையாக விற்பவர்கள் தங்கள் மாற்றங்களைப் பயனர்களுக்குத் தர வேண்டும் என்று விரும்பினால் ஏஜிபிஎல். தரவை அடைத்து வைக்கும் வழக்கத்தை எதிர்த்தே நீங்கள் தொடங்குவதால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

கரூர் நிரலர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தொகைகள் டெசிமலில்தான் உள்ளன. ஆனால் முழுமையாக்கும் முறையை நான் எங்கும் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை, இன்றே திருத்துகிறேன். என்னோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் இணைப் பராமரிப்பாளராக இருக்க ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் களஞ்சியத்தைப் பொதுவாக்க எண்ணுகிறேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர் எழுதியது:

தம்பி, பொதுவாக்கும் முன் சற்றுப் பொறுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ஆறு ஆண்டு வரலாற்றில் உண்மையான உறுப்பினர்களின் பெயரோ கடன் விவரமோ சோதனைத் தரவாக எப்போதாவது நுழைந்ததா என்று உங்கள் நண்பரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். இப்போதைய கோப்பிலிருந்து நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும் என்று என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஐயம் இருந்தால் வரலாற்றை விட்டுவிட்டுப் புதிய களஞ்சியமாகத் தொடங்குங்கள்.

கூட்டுறவுத் தணிக்கையில் நான் முதலில் பார்ப்பது, ஒரு பதிவை யார், எந்த நேரத்தில் போட்டார் என்பதை. தவறான பதிவை அழிக்க உங்கள் மென்பொருள் இடம் தரக் கூடாது. அதை நேர்செய்யும் எதிர்ப்பதிவு மட்டுமே போட முடிய வேண்டும். ஒரு நாளின் கணக்கை முடித்த பிறகு அந்தத் தேதியில் எவரும் புதிதாகப் பதிவு போடக் கூடாது.

பரப்புவதைப் பற்றியும் ஒரு சொல். செயலாளர்கள் இணையத்தில் படித்து முடிவெடுப்பதில்லை, இன்னொரு செயலாளர் சொன்னால் கேட்பார்கள். எனவே இரண்டாவதாக ஒரே ஒரு சங்கத்தைப் பிடித்து, மூன்று மாதம் அவர்களின் கைப்பேரேட்டோடு இணையாக ஓட்டிக் காட்டுங்கள். அந்த ஐம்பது மாதிரிக் கணக்குகள் தயாரானதும் இங்கே இடுங்கள். நான் ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்த்துத் தருகிறேன்.