புது கார் பெயிண்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மண்டபம் பக்கம் வீடு. கார் எடுத்து 2 மாதம்தான் ஆகிறது. அதற்குள் பானெட் முனையில் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிற பிரைமர் தெரிகிறது. முன்னால் போன ஜல்லி லாரியின் புண்ணியம்! உப்புக்காற்று அடிக்கிற ஊர். துரு பிடிப்பதற்குள் டச்-அப் பெயிண்ட் வைத்தால் போதுமா?

கதவில் சீமைக்கருவேல முள் இழுத்த கோடுகள் வேறு. போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு.

ஷோரூமில் செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். பளபளப்புக்குச் சரி, கல்லடியைத் தாங்காதே. முழு வண்டிக்கும் பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்பு பிலிம்) ஒட்டக் கட்டுப்படியாகாது. பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் ஒட்டியவர்கள் இருக்கிறீர்களா? நம்ம வெயிலில் ஓரம் உரிகிறதா, மஞ்சளாகிறதா? ராமநாதபுரத்திலேயே நன்றாக ஒட்டுகிறார்களா, இல்லை மதுரைக்குத்தான் போக வேண்டுமா?