மெயில் பேப்பர் யாரோடது? ஏன் நின்னு போச்சு?

சாந்தோம்வாசி:
பழைய ஆளுங்க "மெயில் பேப்பர்"னு ஒண்ணு பத்தி பேசறாங்க, சாயங்காலம் வருமாம். நமக்கு தெரிஞ்சது மவுண்ட் ரோடுன்னா ஹிந்து மட்டும்தான். அது யார் நடத்தினது, ஹிந்து மாதிரி ஒரே குடும்பமா? கொஞ்சம் வெளக்குங்க

சிம்சன்_பஸ்ஸ்டாப்:
1868ல சார்லஸ் லாசன், ஹென்றி கார்னிஷ்னு ரெண்டு வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி மெட்ராஸ் டைம்ஸ்ல வேலை பாத்தவங்க. மெட்ராஸ் மெயில்னுதான் பேரு, இங்க இருந்த ஐரோப்பிய வியாபாரிங்களோட குரல்னே சொல்லலாம். 1921ல ஸ்பென்சர்ஸ் கம்பெனியோட ராபின்சன் வாங்கிட்டார், எந்த பேப்பர்லேர்ந்து இவங்க வெளிய வந்தாங்களோ அந்த மெட்ராஸ் டைம்ஸையும் வாங்கி இதுலயே சேத்துட்டார். அப்புறம் 1940கள்ல சிம்சன் கம்பெனி அனந்தராமகிருஷ்ணன், அதாவது அவரோட அமால்கமேஷன்ஸ் குரூப் கைக்கு வந்துச்சு. 1981ல மூடிட்டாங்க. வெள்ளைக்காரன் போனதும் அதுக்கு வாசகன் யாருன்னே தெரியாம போச்சு, அவ்ளோதான்

பழைய_பேப்பர்கடை:
அப்படி ஒரே வரில முடிச்சிட முடியாது சார். சுதந்திரத்துக்கு அப்புறமும் 34 வருஷம் ஓடிருக்கே, அத்தனை வருஷமும் வாங்கி படிச்சது நம்ம ஆளுங்கதானே.

அப்புறம் ஹிந்து ஒரே குடும்பம்னு சொல்றதும் சரியில்ல. முத்துசாமி ஐயர் மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜ் ஆனப்போ வெள்ளைக்கார பேப்பருங்க திட்டி எழுதுச்சு, அதுக்கு பதில் சொல்ல நமக்குன்னு ஒரு பேப்பர் இல்லையேன்னு திருவல்லிக்கேணி பசங்க ஆறு பேரு, ரெண்டு வாத்தியாருங்க, நாலு சட்டம் படிக்கிறவங்க, ஒண்ணேமுக்கால் ரூபா கடன் வாங்கி 1878ல ஹிந்துவ 80 காப்பி அச்சடிச்சாங்க. அப்போ வாரப்பத்திரிகை, தினசரி ஆனது 1889லதான். ஆறு பேர்ல கடைசியா மிஞ்சினது ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும், 1898ல ஐயரும் பிரிஞ்சு போயிட்டார். தனியா மாட்டிக்கிட்ட ஆச்சாரியார் காலத்துல விற்பனை 800 காப்பிக்கு எறங்கிடுச்சு. 1905ல பேப்பரோட வக்கீல் கஸ்தூரிரங்க ஐயங்காரே 75,000 ரூபாக்கு வாங்கினார். நீங்க சொல்ற குடும்பம் அங்கேர்ந்துதான் ஆரம்பம்.

சாந்தோம்வாசி:
ஓ வக்கீலே வாங்கிட்டாரா, கணக்குவழக்கு எல்லாம் அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும் 😄 பிரிஞ்சு போன ஐயர் என்ன பண்ணார்?

பழைய_பேப்பர்கடை:
அவர் 1882லயே சுதேசமித்திரன் ஆரம்பிச்சிருந்தார், பாரதி சப் எடிட்டரா இருந்தாரே அதே பேப்பர். பிரிஞ்சப்போ அதோடவே போயிட்டார், அடுத்த வருஷமே அது தினசரி ஆச்சு. அதுவும் கை மாறுச்சு, 1915ல வாங்கினது ஏ. ரங்கசாமி ஐயங்கார், கஸ்தூரிரங்க ஐயங்காரோட சொந்த மருமான். 1928ல அவர் ஹிந்துக்கே எடிட்டரா போனதும் சி.ஆர். சீனிவாசன் கைக்கு வந்துச்சு. ஐயர் உண்டாக்கின ரெண்டு பேப்பருமே ஒரு கட்டத்துல ஒரே வீட்டுக்குள்ள சுத்தி வந்திருக்கு, பாருங்க.

சிம்சன்_பஸ்ஸ்டாப்:
அந்த 34 வருஷம் பாயிண்ட் சரிதான் ஒத்துக்கறேன். ஆனா அமால்கமேஷன்ஸுக்கு டிராக்டர், இன்ஜின்தான் முக்கிய தொழில், பேப்பர் நூத்துல ஒண்ணு. கஸ்தூரி வீட்டுக்கு பேப்பர்தான் சோறு. நஷ்டம் வந்தா யார் மொதல்ல கைய விடுவான்னு நீங்களே சொல்லுங்க