கருமந்தியும் சோலைக்கிளியும்: ‘அருகிய இனம்’ சரிதானா?

வணக்கம் நண்பர்களே.

கோத்தகிரிப் பிள்ளைகளுக்காகக் கருமந்தி, சோலைக்கிளி பற்றி வைக்கும் தகவல் பலகையில் Vulnerable என்பதற்கு ‘அழிவாய்ப்பு இனம்’, Endangered என்பதற்கு ‘அருகிய இனம்’ என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று குன்னூர் அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை.

வகைப்பாட்டில் தகராறு இல்லை. கருமந்தி, அதாவது நீலகிரிக் கருங்குரங்கு, பாலூட்டி. நீலகிரி சோலைக்கிளிக்குப் பெயரில்தான் கிளி. அது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாடும் பறவை. இரண்டுமே பேரினம் மாறியவை. மந்தி டிராக்கிபித்தேகஸிலிருந்து செம்னோபித்தேகஸுக்குப் போனது. பறவைக்கு 2017இல் ஷோலிகோலா என்று புதுப் பேரினமே வந்தது. பேரினம், சிற்றினம் என்ற சொற்கள் பாடநூலிலேயே இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம்.

சிக்கல் காப்புநிலையில்தான், அதாவது ஓர் இனம் அழியும் ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதில். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) செம்பட்டியலில் மந்தியைவிடச் சோலைக்கிளிக்கு ஆபத்து ஒரு படி அதிகம். ‘அருகிய’ என்றால் எண்ணிக்கை குறைந்தது என்றுதான் படும். பட்டியல் அதை மட்டும் பார்ப்பதில்லை. பரவல் எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்து, துண்டு துண்டாகி, மேலும் சுருங்கிக்கொண்டே போனாலும் அந்த Endangered படிதான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உயரத்திலுள்ள சோலைகளை விட்டால் சோலைக்கிளிக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் நல்ல சோலைக்குள் விடியலில் போய்ப் பாருங்கள், கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவுமாகச் சருகில் தத்திக்கொண்டிருக்கும். பார்த்த பிள்ளை, ‘இங்கதான் இருக்கே, எங்க அருகிப்போச்சு?’ என்று கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

மந்தியின் கதை வேறு, அங்கே எண்ணிக்கையே குறைந்தது. கறிக்கும் கருங்குரங்கு லேகியத்துக்கும் சுட்டுத் தள்ளினார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு கிடைத்தபின் வேட்டை குறைந்தது.

‘இடர்’ என்று வேர் வைக்கலாமென்றால் கடைசிப் படிக்குப் ‘பேரிடர்’ என்றாகும். அதை வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் கலெக்டர் ஆபீஸ் எப்போதோ எடுத்துக்கொண்டது! அதனால் ‘அழிவிடர்’ என்கிறேன். Vulnerable, Endangered, Critically Endangered என்ற மூன்று படிக்கும் சேர்த்து அதுவே பொதுப்பெயர். தனித்தனியே உயர் அழிவிடர், மிகவுயர் அழிவிடர், உச்ச அழிவிடர். செம்பட்டியலின் விளக்கமும் இதே ஏறுவரிசையில்தான் போகிறது. கருமந்தி உயர் அழிவிடரில், சோலைக்கிளி மிகவுயர் அழிவிடரில்.

பலகையில் இடம் பத்தாது என்பார் அண்ணன். தலைப்பில் ஒருமுறை ‘அழிவிடர்’ என்று போட்டுவிட்டு, படத்துக்குக் கீழே ‘உயர்’, ‘மிகவுயர்’ என்றால் போதும். இவற்றுக்கும் கீழே உள்ள Near Threatened படிக்கு ‘அழிவிடர் அண்மை’ என்று வைத்திருக்கிறேன், அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.