உட்கார்ந்திருப்பவரின் உருவப்படம்: கைகளை எந்த அளவு வரைந்து நிறுத்துவது?

நண்பர்களே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை, தூரிகைத் தடங்கள் அப்படியே தெரியும்படி ஆயில் பெயிண்டில் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். முகம் ஓரளவு வந்துவிடுகிறது. மடியில் கிடக்கும் கைகள்தான் பிடிபட மாட்டேன் என்கின்றன. விரல் விரலாக வரைந்தால் விறைத்துப்போகின்றன, அகலத் தூரிகையால் ஒரே வீச்சில் போட்டால் கை என்றே தெரிவதில்லை. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1892இல் வரைந்த லேடி ஆக்னியூ என்ற பெண்ணின் உருவப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முகத்தை அவ்வளவு பொறுமையாக முடித்தவர், வெள்ளை உடையையும் இடுப்பில் கட்டிய இளம் ஊதாத் துணியையும் எவ்வளவு துணிச்சலாக இழுத்துவிட்டிருக்கிறார்! எனக்கும் அதுதான் வேண்டும்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம், நிழல் என்று பெரிய வடிவங்களை முதலில் பிரிக்கிறேன், அதுவரை சரி. அப்புறம் ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தை வைக்கும்போது நிழல் கலங்கிச் சேறாகிறது. அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி போடுவீர்களா, காயவிடுவீர்களா? நேர் எதிரே உட்கார்ந்தால் தொடை குறுகித் தெரியுமே, அதை விளிம்புக்கோடு இல்லாமல் நிற வேறுபாட்டாலேயே காட்ட என்ன பயிற்சி செய்யலாம்? நீங்கள் வரைந்த கைகளின் பாதி முடிந்த நிலைப் படங்கள் இருந்தால் தயவுசெய்து போடுங்கள், முடிந்த படத்தைவிட அவைதான் எனக்கு உதவும்.