புதுப்பிப்பு: தச்சர்களும் ஆணித் துப்பாக்கிக் காயங்களும்

வீட்டுக் கட்டுமானப் பணியில் தச்சர்கள் ஏணியிலிருந்தும் கூரைச் சட்டத்திலிருந்தும் தவறி விழுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். விசையை இழுத்தால் மரத்தில் ஆணியைப் பாய்ச்சும் கருவியான ஆணித் துப்பாக்கியைப் பற்றியும் எழுதுமாறு சிலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

விசையை அழுத்திப் பிடித்தபடியே முனையை மரத்தில் மோதினால் ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் ஆணி பாயும் வகை வேகமானதுதான். ஆனால் அதிர்வில் துள்ளும் கருவியின் முனை, மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கையில் பட்டாலும் அடுத்த ஆணி பாய்ந்துவிடும். முதலில் முனையை அழுத்தி, பிறகு விசையை இழுத்து, ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டுப் பிடிக்க வேண்டிய வகையில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. தொழில் பழகும் இளைஞர்களிடம் இதைத் தவிர வேறு வகையைக் கொடுப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று. மரத்தின் முடிச்சில் பட்ட ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரும் என்பதால், பிடிக்கும் கை எப்போதும் எட்டத்தில் இருக்க வேண்டும்.

கையில் ஆணி ஏறிவிட்டால், அதை அங்கேயே குறடால் பிடுங்குவது பெரும் தவறு. துப்பாக்கிக்குள் ஆணிகளை வரிசையாகக் கோத்திருந்த கம்பியோ பிளாஸ்டிக் துணுக்கோ சதைக்குள் தங்கிச் சீழ் பிடிக்கக்கூடும். ஆகவே, காயம் எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும், ஆணியை அசைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.